காவலர் தேர்வில் ஆளுமைச் சோதனை: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வாசகர் கடிதம்

காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் கடைசிப் பகுதி காவலர் பயிற்சிப் பள்ளியில் கழிந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவன், வயது 24. சிறு வயதிலிருந்தே போலீஸ் வேலைதான் அவன் கனவு. அங்குள்ள ஒரு நகரக் காவல் துறைக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு, பின்னணி விசாரணை எல்லாவற்றிலும் தேறி, நிபந்தனையுடன் கூடிய பணி ஆணையும் பெற்றான். அதன் பிறகு ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று குறிக்க வேண்டிய பல நூறு வாக்கியங்களை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். உளவியலாளர் ஒருவர் நீண்ட நேரம் பேசியிருக்கிறார். இப்போது, உளவியல் அடிப்படையில் அவனைப் பொருத்தமானவனாகக் கருதவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. ‘என் பிள்ளைக்குப் பைத்தியம் என்று எழுதிவிட்டார்களா’ என்று மகள் அழுகிறாள். ஒருவன் நல்ல காவலனாக இருப்பானா என்பதைக் காகிதச் சோதனையால் சொல்ல முடியுமா? பேரன் இனி என்ன செய்யலாம்? இத்தகைய சோதனை நம் ஊர்த் தேர்விலும் வர வேண்டுமா? நேர்மையான பதில் வேண்டும்.

பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வீட்டில் இப்போது அதிகம் வலிப்பது உங்கள் மகளின் கேள்விதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். ‘பொருத்தமில்லை’ என்ற முடிவுக்கு நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. காவல் அதிகாரம் பெறுபவருக்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதில் இடையூறு விளைவிக்கக்கூடிய உடல், உணர்வு, மனநிலைக் குறைகள் எதுவும் இருக்கக்கூடாது என்று கலிபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 1031ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே உளவியலாளர் விடை எழுதுகிறார். துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் கொடுத்துத் தனியாக ரோந்துக்கு அனுப்பும் அளவுக்கு நம்பிக்கை தனக்கு ஏற்படவில்லை என்றாலே அவர் அப்படி எழுதிவிடலாம். மனநலம் முழுமையாக உள்ள பலரும், வேறு வேலைகளில் சிறந்து விளங்குபவர்களும், இந்தக் கட்டத்தில் நின்றுபோவது உண்டு. மகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பேரனிடம் இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, மனநோய் அறிகுறிகளைத் தேடும் சோதனை மருத்துவப் பரிசோதனையாகவே கருதப்படுகிறது. பணி ஆணையை நிபந்தனையுடன் வழங்கிய பிறகே அதை நடத்த முடியும். ஆகவே அந்த அறைக்குள் உங்கள் பேரன் அழைக்கப்பட்டதே, அதற்கு முந்தைய எல்லாப் படிகளிலும் அவனை அந்தத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்குச் சான்று. பின்னணி விசாரணையில் அக்கம்பக்கத்தாரிடமும் பழைய முதலாளிகளிடமும் கேட்டுத் தேறியது சாதாரண விஷயம் அன்று.

இனி, சோதனையால் சொல்ல முடியுமா என்ற உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். என் துறை சார்ந்த கேள்வி இது. யார் தவறு செய்யக்கூடும் என்பதைப் பற்றி, அதுவும் பெருந்தொகையானவர்களை ஒருசேரப் பார்க்கும்போது, ஆளுமைச் சோதனை சிறிதளவு சொல்லும். யார் நல்ல காவலராக விளங்குவார் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். எதிரில் அமர்ந்திருக்கும் ஒரு தனி மனிதரைப் பற்றி, சோதனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாக எதையும் சொல்ல முடியாது. இதை என் கருத்தாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது என்பதால் காரணங்களை விளக்குகிறேன்.

இந்த முயற்சி பழையது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் சான் ஹோசே நகரில் காவல், தீயணைப்புப் பணிகளுக்கு விண்ணப்பித்த 30 பேருக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தி, அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட் காவல் துறையில் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் அதேபோல் சோதித்தபோது, ரோந்துக் காவலர்களின் மதிப்பெண் அவர்களுக்கு மேலிருந்த அதிகாரிகளின் மதிப்பெண்ணைவிட உயர்ந்திருந்தது. மதிப்பெண்ணும் பதவி உயர்வும் ஒரே திசையில் போகவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எந்தச் சோதனையையும் ‘பணித்திறன்’ என்ற ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அதன் மதிப்பை அறிய முடியும். அந்தப் பணித்திறனை எதைக் கொண்டு அளப்பது என்ற சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

ஆளுமைச் சோதனைகள் பெருமளவில் நுழைந்தது பிறகுதான். 1960களின் கலவரங்களை அடுத்து, காவல் பணிக்கு விண்ணப்பிப்பவர்களை உளவியல் முறையில் ஆராய வேண்டும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 1967இல் பரிந்துரைத்தது. அப்போது கையில் தயாராக இருந்த கருவி எம்.எம்.பி.ஐ. எனப்படும் மினசோட்டா வினாப்பட்டியல். ஹாத்தவே, மெக்கின்லி என்ற இருவர் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாக்கி 1943இல் வெளியிட்டது அது. மனநோயாளிகளின் பதில்களையும், அந்த மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்க வந்தவர்களின் பதில்களையும் ஒப்பிட்டு அதன் அளவுகோல்களை அமைத்தார்கள். நோயைக் கண்டறிவதற்காகப் பிறந்த கருவி அது. நள்ளிரவில் குடும்பச் சண்டை நடக்கும் வீட்டுக்குள் நுழையும் காவலர் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்பதற்காகப் பிறந்தது அன்று. அது 1989இல் 567 வாக்கியங்களுடன் திருத்தப்பட்டது. 2020இல் வந்த மூன்றாம் வடிவத்தில் 335 வாக்கியங்கள் உள்ளன. புதிய வடிவங்களில் காவல் பணி விண்ணப்பதாரர்களின் பதில்களோடு ஒப்பிடும் வசதி வந்திருப்பது பெரிய முன்னேற்றம். ஹாரிசன் கஃப் 1950களில் உருவாக்கிய கலிபோர்னியா வினாப்பட்டியல், இயல்பான மனிதர்களின் பொறுப்பு, தன்னடக்கம், சமூகப் பழக்கம் போன்றவற்றை அளப்பது. 1980களின் தொடக்கத்தில் ராபின் இன்வால்ட் 310 வாக்கியங்களைக் கொண்டு காவல், சிறைப் பணியாளர்களுக்கென்றே ஒரு பட்டியல் செய்தார். பணிக்குத் தாமதமாக வருதல், சொல்லாமல் விடுப்பு எடுத்தல், சட்டத்தோடு உரசல் என்று நடந்தவற்றை நேரடியாகக் கேட்பது அதன் சிறப்பு.

இவற்றின் பயனைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஏராளம். பேரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில் காவலர்களைத் தனிப் பிரிவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பெரும் ஆளுமைக் கூறுகளில் பொறுப்புணர்வுக்கும் காவலரின் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1), அளவைப் பிழைகளைச் சரிசெய்த பிறகும், 0.22. உணர்ச்சி நிதானத்துக்கு அதில் பாதி. புதியன நாடும் இயல்புக்குப் பூச்சியம். 0.22 என்பதை அன்றாட மொழியில் சொல்கிறேன். உங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரை எடுத்து, பொறுப்புணர்வு மதிப்பெண் அதிகம் உள்ளவரே சிறந்த காவலராவார் என்று பந்தயம் கட்டினால், நூறு முறையில் ஏறத்தாழ 57 முறை வெல்வீர்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 முறை வெல்லலாம். ஆயிரக்கணக்கானவர்களைத் தேர்ந்தெடுக்கும் துறைக்கு அந்த ஏழு முறை பெரிய லாபம். தனி ஒருவரின் எதிர்காலத்தை முடிவு செய்ய அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். 2004இல் வெளிவந்த, காவலர்களைப் பற்றிய இன்னொரு தொகுப்பாய்வும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமானது என்றே சொன்னது. கலிபோர்னியா வினாப்பட்டியல், மினசோட்டா, இன்வால்ட் பட்டியல்கள் இரண்டையும் விடச் சற்று மேல் என்றும், எதிர்காலப் பணியைக் கணிப்பதைவிட ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் இன்றைய பணியோடுதான் சோதனைகள் நன்றாகப் பொருந்துகின்றன என்றும் அது காட்டியது. தேர்வு செய்பவர்களுக்குத் தேவை எதிர்காலக் கணிப்புதான் என்பதால், இந்தப் பின்குறிப்பைச் சோதனை விற்பவர்கள் சொல்ல மறந்தாலும் வாங்குபவர்கள் மறக்கக்கூடாது.

பணித்திறனை அளப்பதில் உள்ள சிக்கல் என்றேனே, அதற்கு நானறிந்த மிகத் தெளிவான சான்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வருகிறது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் தடியால் அடித்ததை அருகில் குடியிருந்த ஒருவர் படம் பிடித்தார். அதையடுத்து வாரன் கிறிஸ்டோபர் தலைமையில் அமைந்த ஆணையம் அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. 1986 முதல் 1990 வரை வரம்பு மீறிய பலப்பிரயோகம் அல்லது முறையற்ற நடவடிக்கை பற்றிய புகாருக்கு உள்ளானவர்கள் சுமார் 1,800 பேர். அவர்களில் 1,400க்கும் மேற்பட்டவர்கள் மீது ஒன்றோ இரண்டோ புகார்கள்தான். ஆறும் அதற்கு மேலும் புகார் பெற்றவர்கள் 44 பேர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் கொண்ட துறையில் 44 பேர். அந்த 44 பேரின் பணி மதிப்பீட்டு அறிக்கைகளை ஆணையம் எடுத்துப் படித்தபோது, அவற்றில் பாராட்டுகளே நிறைந்திருந்தன. மேலதிகாரிகள் நல்ல காவலர்கள் என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

ஒரு சோதனை செல்லும்படியானதா என்று பார்க்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி, மேலதிகாரி தரும் மதிப்பெண்ணைத்தான் ‘பணித்திறன்’ என்று எடுத்துக்கொள்கின்றன. அந்த 44 பேரும் அப்படிப்பட்ட ஆய்வில் சிறந்த காவலர்களாகவே கணக்கில் ஏறியிருப்பார்கள். அவர்களைத் தடுத்திருக்கக்கூடிய சோதனை ஏதேனும் இருந்திருந்தால், அது தவறான சோதனை என்று தள்ளப்பட்டிருக்கும். நிலையத்தில் யாரை ‘வேலைக்காரன்’ என்று மெச்சினார்கள், அவர் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு உங்கள் அனுபவத்திலிருந்தே உங்களுக்கு உதாரணங்கள் நினைவுக்கு வரலாம்.

அதே ஆணையம் சொன்ன இன்னொன்று உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. விண்ணப்பதாரர்களுக்கு நடத்தப்படும் தொடக்க உளவியல் மதிப்பீடு, வன்முறைப் போக்கை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் குறைந்தது என்றும், பின்னணி விசாரணையில் விண்ணப்பதாரரின் கடந்தகால வன்முறைக்குப் போதிய கவனம் தரப்படவில்லை என்றும் அது எழுதியது. முன்பு செய்ததே இனிச் செய்யப்போவதைச் சிறப்பாகக் காட்டும் என்பது வல்லுநர்களின் ஒருமித்த கருத்தாக அதில் பதிவாகியிருக்கிறது. பணியில் சேர்ந்த பிறகும் காலமுறைப்படி காவலர்களை மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வேலையே மனிதனை மாற்றும் என்பதைத் தேர்வுக் குழுக்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. சேரும்போது நிதானமாக இருந்தவர் பத்தாண்டு இரவுப் பணியும் பிணங்களும் வசைகளும் பார்த்த பிறகு வேறு ஆளாகியிருப்பார். எந்த 24 வயதுத் தாளும் அதைச் சொல்லாது.

அடுத்து ஒரு கணக்கு. எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொள்பவை. ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் 50 பேர் பணியில் சேர்ந்தால் சில ஆண்டுகளுக்குள் கடுமையான தவறு செய்வார்கள் என்று கொள்வோம். நம்மிடம் உள்ள சோதனை, இந்த 50 பேரில் 30 பேரைப் பிடித்துவிடுகிறது. நடைமுறையில் இது நல்ல சோதனைதான். ஆனால் தவறு செய்யப்போகாத 950 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 190 பேரையும், அது ஐயத்துக்கு உரியவர்கள் என்று காட்டுகிறது. மொத்தம் 220 பேர் நிராகரிக்கப்படுகிறார்கள். அவர்களில் 30 பேர் விஷயத்தில்தான் சோதனை சொன்னது சரி. நிராகரிக்கப்பட்ட ஏழு பேரில் ஆறு பேர் நல்ல காவலர்களாக இருந்திருப்பார்கள். துறையின் பக்கம் நின்று பார்த்தால், உள்ளே வருபவர்களில் தவறிழைப்போர் நூற்றுக்கு 5 என்பதிலிருந்து ஏறத்தாழ 2.6 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரு தவறான காவலரால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலையில், அந்தக் குறைவைத் துறை விரும்புவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையை அந்த 190 பேர் செலுத்துகிறார்கள். உங்கள் பேரன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பதை அவனைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. நிராகரிப்புக் கடிதம் மட்டுமே அவன் தகுதியற்றவன் என்பதற்கு நிரூபணம் ஆகாது என்பதை மட்டும் இந்தக் கணக்கு சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இந்தச் சோதனைகளை வேண்டாம் என்று சொல்பவள் அல்லள். அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கு ஒழுங்கான விதிகள் உண்டு. சோதனையை மதிப்பிடுபவர் உரிமம் பெற்ற மருத்துவராகவோ உளவியலாளராகவோ இருக்க வேண்டும். உளவியலாளர் என்றால் உணர்வு, மனநலக் கோளாறுகளைக் கண்டறிந்து சிகிச்சை தருவதில் ஐந்தாண்டு முழுநேர அனுபவமும், அதில் மூன்றாண்டு முனைவர் பட்டத்துக்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு எழுத்துச் சோதனைகள் வேண்டும்: இயல்பான ஆளுமையை அளப்பது ஒன்று, கோளாறுகளைத் தேடுவது இன்னொன்று. நேர்காணல் கட்டாயம். பின்னணி விசாரணையில் கிடைத்த வாழ்க்கை விவரங்களையும் பார்க்க வேண்டும். மாநிலத்தின் காவலர் தரநிலை, பயிற்சி ஆணையம் வகுத்திருக்கும் பத்துப் பண்புகளை வைத்து முடிவு எழுத வேண்டும். அவசரப்படாமை, நாணயம், அழுத்தத்தைத் தாங்குதல், முடிவெடுக்கும் திறன், போதைப் பழக்கம் தவிர்த்தல் முதலியவை அவற்றில் அடங்கும். 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இனம், பாலினம், மதம் போன்றவை சார்ந்த வெறுப்புணர்வு இருக்கிறதா என்பதையும் ஆராய வேண்டும்.

நல்ல மதிப்பீட்டாளர் இதை எப்படிச் செய்வார் என்பதைச் சற்று அருகில் சென்று காட்டுகிறேன். மேசையில் மூன்று கட்டுகள் இருக்கும்: சோதனை முடிவு, விண்ணப்பதாரர் தன் கையால் நிரப்பிய வாழ்க்கை விவரம், விசாரணை அதிகாரி திரட்டிய அறிக்கை. சோதனையில் ‘சட்டென்று கோபப்படுபவர்’ என்ற சாயல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். மற்ற இரண்டு கட்டுகளில் எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறிப்பாக எடுத்துக்கொள்வார். விசாரணை அறிக்கையில், பத்தொன்பது வயதில் ஒரு கடையில் வேலையை இரண்டே மாதத்தில் விட்டதாக ஒரு வரி இருக்கும். ‘அங்கே என்ன நடந்தது?’ என்று கேட்பார். மேலாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார், தானும் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியேறினேன், பிறகு வருத்தப்பட்டேன், அடுத்த வேலையில் அப்படி ஒரு நிலை வந்தபோது இன்னமாதிரி சமாளித்தேன் என்று ஒருவர் சொல்லக்கூடும். இன்னொருவர் ‘அப்படி எதுவும் இல்லை, நானாகத்தான் விட்டேன்’ என்று சொல்லி, மேலும் கேட்கக் கேட்கக் கதையை மாற்றுவார். முதலாமவர் கோபக்காரராக இருந்தும் தேறலாம். இரண்டாமவரைத் தடுத்து நிறுத்துவது அவருடைய கோபம் ஆகாது; நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய ஒருவர், சிறிய விஷயத்தில்கூட உண்மையைச் சொல்லத் தயங்குகிறார் என்பதே.

ஆனால் நேர்காணலிலும் ஆபத்து உண்டு. மினசோட்டாவைச் சேர்ந்த உளவியலாளர் பால் மீல் 1954இல் எழுதிய நூலில், வல்லுநரின் உள்ளுணர்வையும் எளிய புள்ளியியல் சூத்திரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி, பெரும்பாலானவற்றில் சூத்திரம் வல்லுநருக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதைக் காட்டினார். எங்கள் துறையினர் பலருக்கு அது இன்றும் கசப்பான செய்திதான். ‘பார்த்தவுடனே தெரிந்துவிட்டது’ என்று எழுதும் உளவியலாளரை நம்பாதீர்கள். எந்தப் பண்பில் குறை, அதற்கு எந்தச் சம்பவம் சான்று, சோதனையின் எந்த அளவுகோல் அதை ஆதரிக்கிறது என்று மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அந்த முடிவுக்கு எடை உண்டு.

உங்கள் பேரன் விஷயத்தில் நான் யோசிக்கும் ஒரு சாத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். அவனைச் சந்திக்காமல் சொல்வதால் இதைக் கணிப்பாக மட்டும் கொள்ளுங்கள். இத்தகைய வினாப்பட்டியல்களில், பதில் சொல்பவர் தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டுகிறாரா என்று பார்க்கத் தனி அளவுகோல்கள் உண்டு. வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, யார் மேலும் எரிச்சல் வந்ததில்லை, எவரையும் பற்றிப் புறம் பேசியதில்லை என்ற ரீதியில் எல்லாவற்றுக்கும் பதில் அமைந்துவிட்டால் அந்த அளவுகோல் உயர்ந்துவிடும். காவல் பணிக்கு விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் இது ஓரளவு உயர்ந்தே இருக்கும். வேலை வேண்டும் என்பவர் தன் நல்ல முகத்தைத்தான் காட்டுவார். கட்டுப்பாடான, மரபுவழிக் குடும்பங்களில் வளர்ந்தவர்களிடம் இது இன்னும் சற்று உயரும் என்பதும் தெரிந்ததே. நம் வீடுகளில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: வெளியாளிடம் வீட்டுக் குறையைச் சொல்லக்கூடாது, பெரியவர் கேட்டால் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும், தந்தையோடு சண்டை போட்டதை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அந்த வளர்ப்பில் வந்த ஒரு பையன் நேர்காணலில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தால், எதிரில் இருப்பவர் அதை மறைப்பு என்று படித்திருக்க வாய்ப்பு உண்டு. வேறு காரணமும் இருக்கலாம். ‘எந்தக் கேள்விக்குத் தயங்கினாய், எதைச் சொல்லாமல் விட்டாய்’ என்று அவனிடம் பொறுமையாகக் கேட்டால் அவனுக்கே சிலது புலப்படும்.

இப்போது அவன் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வந்த கடிதத்தின் தேதியையும், அதில் பதில் அனுப்பக் கெடு ஏதும் குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவ அல்லது உளவியல் பரிசோதனையின் அடிப்படையில் ஒருவரை நீக்கப்போகும்போது, இறுதி முடிவு எடுக்கும் முன் அவர் சுதந்திரமான வேறொரு நிபுணரின் கருத்தைச் சமர்ப்பிக்கலாம் என்று கலிபோர்னியாவின் வேலைவாய்ப்பு விதிகள் உரிமை தருகின்றன. அந்த நிபுணர் குடும்ப மருத்துவராக இருந்து பயனில்லை; ‘நான் இவரைச் சிறுவயது முதல் அறிவேன், நல்லவர்’ என்ற சான்றிதழை அந்தத் துறை ஒதுக்கி வைத்துவிடும். காவல் பணிக்கு முந்தைய மதிப்பீட்டில் பழக்கமுள்ள, மேலே சொன்ன தகுதிகள் கொண்ட உளவியலாளரிடம் முழுமையான இரண்டாவது மதிப்பீடு செய்து, அதே பத்துப் பண்புகளின்படி அறிக்கை பெற வேண்டும். செலவு ஆகும். பலன் உறுதியில்லை, இறுதி முடிவு துறையின் கையில்தான். ஆனாலும் வாய்ப்பு இருக்கும்போது அதை விட்டுவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முதல் அறிக்கையின் முழு விவரம் அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கட்டும்.

இது பயனளிக்காவிட்டாலும் கதவு அடைந்துவிடவில்லை. ஒவ்வொரு துறையும் தன் மதிப்பீட்டைத் தானே நடத்துகிறது. பணியில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் மதிப்பீடு நடந்திருக்க வேண்டும் என்பதும் விதி. வேறொரு நகரத்திலோ மாவட்டத்திலோ விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது, முன்பு எங்கெங்கே விண்ணப்பித்தாய், என்ன ஆயிற்று என்ற கேள்வி படிவத்தில் வரும். அங்கே உண்மையை எழுதச் சொல்லுங்கள். முந்தைய நிராகரிப்பு ஒரு பாதகம். அதை மறைத்து மாட்டிக்கொண்டால் நாணயம் என்ற பண்பிலேயே அவன் வீழ்ந்துவிடுவான். சோதனைக்கு ‘சரியான விடை’ சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள், காணொளிகள் பக்கம் போகவே வேண்டாம். அவை கற்றுத் தருவது பெரும்பாலும், தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டுகிறாரா என்று பார்க்கும் அந்த அளவுகோல்களை இன்னும் உயர்த்தும் பதில்களைத்தான்.

உங்கள் மூன்றாவது ஐயத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் ‘உளவியல்’ என்ற பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தர்க்கம், எண் கணக்கு, தகவலைக் கையாளுதல் போன்ற மனத்திறனை அளப்பது. நாம் பேசும் ஆளுமைச் சோதனை அன்று. அமெரிக்க வினாப்பட்டியலைத் தமிழாக்கி அப்படியே இங்கே நுழைப்பதை நான் வன்மையாக எதிர்ப்பேன். மினசோட்டாவில் ‘இயல்பு’ என்று வகுத்த கோட்டை வைத்து உசிலம்பட்டியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வரும் இளைஞரை அளக்க முடியாது. லட்சக்கணக்கில் விண்ணப்பம் குவியும் தேர்வில் ஒவ்வொருவரையும் தகுதியுள்ள உளவியலாளர் உட்கார வைத்துப் பேசவும் இயலாது. நேர்காணல் இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து நீக்கினால், மேலே போட்ட கணக்கில் பார்த்த அந்த 190 பேர் ஆயிரக்கணக்காகப் பெருகுவார்கள். அவர்களில் முறையிடும் வழி தெரியாத ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். பயிற்சி மையங்கள் ஒரே மாதத்தில் விடைகளை அச்சிட்டுவிடும் என்பதும் நிச்சயம். முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. முறையில் படத்துக்குக் கதை எழுதும் சோதனைக்கே கதைகளை மனப்பாடம் செய்ய வைக்கும் மையங்கள் இருக்கின்றன. அங்கே குழுப் பணிகளும் நீண்ட நேர்காணலும் சேர்ந்து ஐந்து நாள் நடப்பதால் ஓரளவு சமாளிக்கிறார்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களைப் போல் பயிற்சிப் பள்ளியை உள்ளிருந்து பார்த்தவர்களின் துணை அதற்குத் தேவை. தமிழில், இங்குள்ள காவல் பணியின் சூழலை வைத்தே உருவாக்கிய வினாப்பட்டியலை, ஏற்கெனவே தேர்வாகிப் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த விடைகளைப் பயிற்றுநரோ உயர் அதிகாரிகளோ எவரும் பார்க்காமல் பூட்டி வைக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, அவர்கள் மீதான புகார்கள், துறை விசாரணைகள், விடுப்புப் பதிவுகள், பொதுமக்களின் பாராட்டுகள் ஆகியவற்றோடு அந்த விடைகளை ஒப்பிட வேண்டும். மேலதிகாரியின் மதிப்பெண்ணை மட்டும் நம்பக்கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது இங்கும் நடக்கும். எந்தக் கேள்வி உண்மையில் எதையாவது முன்கூட்டிச் சொன்னது என்பது அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு அதைத் தேர்வில் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம். அதுவரை, ஏழு எட்டு மாதப் பயிற்சிக் காலத்தில் கவாத்து மைதானத்திலும் விடுதியிலும் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பயிற்றுநர்கள் சம்பவங்களாக, தேதியோடு எழுதி வைப்பது எந்த வினாத்தாளையும்விடப் பயனுள்ள பதிவு. நீங்கள் பணியில் இருந்தபோது அப்படிக் குறிப்புகள் வைத்திருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். எந்த மாதிரிச் சம்பவங்களைப் பதிய வேண்டும் என்று ஒரு படிவம் தயாரிக்க அவை பெரிதும் உதவும்.

பேரனின் கடிதத்தில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், இரண்டாவது மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாகவும் அதுவரை இறுதி முடிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் இந்த வாரமே அந்தத் துறையின் பணியாளர் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொழில்சார் உளவியலாளர்